ஒரு அட்வைஸ் சொல்லலாமா?

"ஒரு அட்வைஸ் வேணும் சார்" என்று தமிழில் கேட்டால் யாரும் சிரிக்க மாட்டார்கள். அதையே ஆங்கிலத்தில் "ஐ நீட் ஆன் அட்வைஸ், சார்" என்று கேட்ட என் நண்பனைப் பார்த்து வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

பி.காம் இரண்டாம் வருடத்தில், மாதிரி நேர்முகத் தேர்வு என்று ஒரு நாள் வைத்தார்களே, அன்றைக்கு நடந்தது இது. பயிற்சி கொடுக்க வெளியூரிலிருந்து வந்தவர் சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்து, போர்டில் பெரிதாக எழுதினார்: அப்ஸ்ட்ராக்ட் நவுனுக்கு முன்னால் 'எ', 'ஆன்' வராது. அடியில் இரண்டு கோடு வேறு. "கண்ணால பாக்க முடியாது, கையால தொட முடியாது, அதெல்லாம் அப்ஸ்ட்ராக்ட். தொட முடியலைன்னா 'எ' போடாதீங்க. அவ்வளவுதான் மேட்டர்." எல்லோரும் நோட்டில் எழுதிக்கொண்டோம். ஒரே வரி, ஞாபகம் வைத்துக்கொள்ள சுலபம், கோடிட்ட இடத்தை நிரப்பவும் உதவும். வேறென்ன வேண்டும்!

நண்பன் செங்கத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து தினமும் பஸ் பிடித்து வருகிறவன். பன்னிரண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம். வீட்டில் இவன்தான் முதல் பட்டதாரியாகப் போகிறவன். அக்கவுன்ட்ஸில் புலி. இரண்டு பக்கமும் டாலி ஆகவில்லை என்றால் நாங்கள் எல்லோரும் நோட்டைத் தூக்கிக்கொண்டு போவது இவனிடம்தான். எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாதவன், அதனால் அந்த விதியையும் முழுசாகப் பிடித்துக்கொண்டான். அன்றிலிருந்து ஐயாவின் ஆங்கிலம் இப்படி ஆனது: "ஐ ஹேவ் ஐடியா." "ஐ ஹேவ் டவுட், சார்." "தேர் இஸ் ப்ராப்ளம்." "இட் இஸ் ப்ளெஷர் டு மீட் யூ."

ஐடியாவைத் தொட முடியுமா? டவுட்டை? முடியாதுதானே. அப்படியானால் விதிப்படி நூற்றுக்கு நூறு சரி. ஆங்கிலப்படி நாலும் தப்பு!

மூன்றாம் வருடம் நிஜமாகவே ஒரு கம்பெனி ஆள் எடுக்க வந்தது. டாலி தெரியுமா என்று கேட்டார்கள். இவன் இரண்டு கோடை விடுமுறை ஆடிட்டர் ஆபீஸில் உட்கார்ந்து வவுச்சர் வவுச்சராக என்ட்ரி போட்டவன். அடக்கமாக, "கொஞ்சம் அனுபவம் இருக்கு சார்" என்று சொல்ல நினைத்தான். வாயில் வந்தது: "ஐ ஹேவ் லிட்டில் எக்ஸ்பீரியன்ஸ் இன் டாலி, சார்."

'எ லிட்டில்' என்றால் கொஞ்சம் இருக்கிறது. வெறும் 'லிட்டில்' என்றால் இருந்தும் இல்லாத மாதிரி. எதிரில் இருந்தவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டாராம். வேலை கிடைக்கவில்லை. அந்த ஒரு எழுத்தால்தான் போனது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன், வேறு காரணமும் இருந்திருக்கலாம். ஆனால் இரண்டு கோடை வேலையை ஒரு எழுத்து விழுங்கியது என்பது மட்டும் நிச்சயம். இன்னும் கொடுமை, அந்த 'எ' லிட்டிலோடு ஒட்டிக்கொண்டது. எக்ஸ்பீரியன்ஸ் தொட முடிந்ததா முடியாததா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. போர்டில் இரண்டு கோடு போட்டவர் அதைச் சொல்லவில்லையே...

அதற்கப்புறம்தான் எனக்கு இந்த 'எ' மேல் கோபம் வந்தது. கோபம் வந்தால் கொஞ்சம் படிப்பேன்.

முதலில் பார்த்தது எல்லோர் வீட்டு அலமாரியிலும் தூங்கும் ரென் அண்ட் மார்ட்டின். 1935-ல் முதல் பதிப்பு வந்த புத்தகம். நம்ம தாத்தா காலத்திலிருந்து இந்தியாவில் ஆங்கில இலக்கணம் என்றாலே இதுதான். அதில் பார்த்தால் விதி அப்படி இல்லை! அப்ஸ்ட்ராக்ட் நவுனைப் பொதுவான அர்த்தத்தில் சொல்லும்போது ஆர்ட்டிகிள் வேண்டாம் என்கிற பொருளில்தான் இருக்கிறது. 'பொதுவான அர்த்தத்தில்' என்கிற பகுதியைத்தான் கைடு போடுகிறவர்களும் பயிற்சி கொடுக்கிறவர்களும் சுருக்குகிறேன் பேர்வழி என்று வெட்டிவிட்டார்கள். வெட்டிய பிறகு மிச்சம் இருப்பது விதியே இல்லை.

யோசித்துப் பாருங்கள். ஐடியா, டவுட், மிஸ்டேக், ரீசன், டிசிஷன், ஹோப், ப்ராமிஸ்... எல்லாம் தொட முடியாதவை. எல்லாவற்றுக்கும் 'எ' தாராளமாக வரும். மறுபக்கம் அரிசி, மணல், பர்னிச்சர், லக்கேஜ். எல்லாம் தொடலாம், தூக்கலாம், காலில் போட்டுக்கொண்டால் வலிக்கும். ஆனால் 'எ ரைஸ்', 'எ லக்கேஜ்' என்று சொல்ல முடியாது. ஆக, தொடுவதும் தொடாததும் இங்கே பிரச்சினையே இல்லை. எண்ண முடிகிற மாதிரி அந்தச் சொல்லை ஆங்கிலம் நடத்துகிறதா என்பதுதான் கேள்வி. பொருளுக்கு விளிம்பு இருக்கிறதா, இல்லை தண்ணீர் மாதிரிப் பரவிக் கிடக்கிறதா?

இதில் ஒரு சுவாரசியம். எந்தச் சொல் எண்ணக்கூடியது, எது எண்ணமுடியாதது என்று ஒவ்வொன்றுக்கும் அடையாளம் போட்டுக் கொடுத்த முன்னோடி அகராதிகளில் ஒன்று லண்டனில் வரவில்லை. ஹார்ன்பி என்கிற ஆங்கிலேயர் ஜப்பானில் வாத்தியாராக இருந்தபோது கேட்டன்பி, வேக்ஃபீல்ட் என்ற இரண்டு பேருடன் சேர்ந்து தயாரித்து, 1942-ல் டோக்கியோவில் வெளியானது அது. பிறகு 1948-ல் ஆக்ஸ்போர்டு அதையே வெளியிட்டது. இன்றைக்கு நாம் புரட்டும் ஆக்ஸ்போர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்ஷனரியின் மூதாதை. ஆர்ட்டிகிள் என்ற ஒன்றே இல்லாத மொழி ஜப்பானியம். ஆங்கிலேயனுக்கு இந்த அடையாளம் தேவைப்படவில்லை, ஜப்பான் மாணவனுக்குத் தேவைப்பட்டது. நமக்கும்தான்.

ஆனால் நமக்கு ஜப்பான்காரரை விட ஒரு வசதி அதிகம். நம்மிடம் 'ஒரு' இருக்கிறது.

ஆங்கில 'எ', 'ஆன்' இரண்டுமே 'ஒன்று' என்கிற சொல்லிலிருந்து தேய்ந்து வந்தவை. பழசு 'ஆன்'தான். காலப்போக்கில் மெய்யொலிக்கு முன்னால் அந்தக் கடைசி 'ன்' உதிர்ந்துவிட்டது, உயிரொலிக்கு முன்னால் தங்கிவிட்டது. நம்ம ஊர்க் கதையும் அதுவேதான்: ஒன்று என்பது மெய்க்கு முன்னால் ஒரு, உயிருக்கு முன்னால் ஓர். (தமிழய்யா பார்த்தால் தலைப்பை 'ஓர் அட்வைஸ்' என்று சிவப்பு மையில் திருத்துவார். மன்னிக்கணும் ஐயா, பேசும்போது யாரும் அப்படிச் சொல்வதில்லை.) யாரும் யாரிடமும் கடன் வாங்கவில்லை. இரண்டு மொழியும் தனித்தனியாக ஒரே மாதிரி நடந்திருக்கின்றன.

வேலையும் பல இடங்களில் ஒரே மாதிரிதான். "உனக்கு அனுபவம் இருக்கா?" என்று கேட்டால் வேலைக்குக் கேட்கிறார்கள். "ஒரு அனுபவம் சொல்றேன் கேளு" என்றால் கதை சொல்லப் போகிறார்கள். ஆங்கிலத்தில் எக்ஸ்பீரியன்ஸ், ஆன் எக்ஸ்பீரியன்ஸ். அச்சு அசல் அதே வித்தியாசம்! "நம்பிக்கை வேணும்" என்பது பொது. "அவன் வருவான்னு ஒரு நம்பிக்கை" என்பது இன்ன இடத்தில் இன்ன விஷயத்துக்காக இருக்கிற நம்பிக்கை, விளிம்பு கட்டிய நம்பிக்கை. அங்கே ஆங்கிலத்தில் 'எ ஹோப்' வரும். செங்கம் போகிற பஸ்ஸில் ஏறும் பாட்டிக்குக்கூட இந்த வித்தியாசம் தெரியும். எழுதப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. பிறந்ததிலிருந்து நாக்கில் இருக்கிற ஒரு விஷயத்தை, "தொட முடியுமா முடியாதா" என்று வேறொரு கேள்வியைக் கேட்டு நாமே மறக்கடிக்கிறோம்.

இப்போது நம்ம காமர்ஸ் புத்தகத்துக்கு வாருங்கள். இங்கேதான் எனக்கு நிஜமாகவே ஆச்சரியம்.

பிசினஸ் லா பேப்பரில் இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872. பிரிவு 2(டி) ஞாபகம் இருக்கிறதா? பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி மனப்பாடம் செய்தோமே, கன்சிடரேஷன் என்றால் என்ன என்று. ஒருவர் கேட்டுக்கொண்டபடி இன்னொருவர் ஒன்றைச் செய்தால், செய்யாமல் விட்டால், அல்லது செய்வதாக வாக்குக் கொடுத்தால், அந்தச் செயலோ விலகலோ வாக்கோ 'எ கன்சிடரேஷன்' எனப்படும். எ கன்சிடரேஷன்! புத்தகத்தை எடுத்துப் பாருங்கள், 'எ' இருக்கும். அதே சட்டத்தில் பிரிவு 25-க்குப் போங்கள். கன்சிடரேஷன் இல்லாத உடன்பாடு செல்லாது என்று சொல்லுமிடத்தில் 'எ' கிடையாது, வெறும் கன்சிடரேஷன். நடுவில் பிரிவு 23-ல் 'தி கன்சிடரேஷன்'. ஒரே சொல், ஒரே சட்டம், மூன்று விதம். சட்டம் எழுதியவர்களுக்கு இலக்கணம் தெரியாமலா? 2(டி)-யில் குறிப்பிட்ட ஒரு செயலைப் பிடித்து 'இது ஒரு கன்சிடரேஷன்' என்று எண்ணுகிறார்கள். 25-ல் அந்தச் சங்கதியே இல்லாவிட்டால் என்று பொதுவாகப் பேசுகிறார்கள். 23-ல் அந்த உடன்பாட்டில் உள்ள அதைச் சுட்டுகிறார்கள். ஆர்ட்டிகிள் பாடம் முழுக்க இந்த மூன்று பிரிவில் இருக்கிறது. பிசினஸ் லா வகுப்பில் சட்டத்தைப் படித்தோம், ஆங்கில வகுப்பில் இலக்கணத்தைப் படித்தோம். இரண்டும் ஒரே வாக்கியத்தில் இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை.

அடுத்தது டிரஸ்ட். டிரஸ்ட் என்றால் நம்பிக்கை. 'எ டிரஸ்ட்' என்றால்? அறக்கட்டளை. நம்ம ஊரில் இதற்கு விளக்கமே வேண்டாம். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டரும் நடந்து பாருங்கள், அன்னதான டிரஸ்ட், சேவா டிரஸ்ட் என்று எத்தனை போர்டு! நம்பிக்கைக்கு முன்னால் ஒரு 'எ' போட்டவுடனே அதற்கு ஆபீஸ், பேங்க் அக்கவுன்ட், பான் கார்டு எல்லாம் வந்துவிடுகிறது :-) இந்திய டிரஸ்ட் சட்டம், 1882, பிரிவு 3-ல் டிரஸ்ட்டுக்கு வரையறை இருக்கிறது. (அந்தச் சட்டம் தனியார் டிரஸ்ட்டுகளுக்கானது, அன்னதான டிரஸ்ட்டுக்கு அல்ல. ஆனால் நாம் படிக்கிற வரையறை அதுதான்.) சொத்தின் உரிமையோடு ஒட்டிய கடமை, அது 'எ கான்ஃபிடன்ஸ்' என்பதிலிருந்து பிறக்கிறது என்கிறது அந்த வரையறை. ஆமாம், கான்ஃபிடன்ஸுக்கு முன்னாலும் 'எ'. ஒருவர் இன்னொருவர் மேல் வைத்த, அவரும் ஏற்றுக்கொண்ட, அந்தக் குறிப்பிட்ட ஒரு நம்பிக்கை. இதை நான் ஆங்கிலப் பேப்பரில் எழுதியிருந்தால் வட்டம் போட்டு அரை மார்க் வெட்டியிருப்பார்கள்.

இப்படியே போகலாம். செக்யூரிட்டி என்றால் பாதுகாப்பு, 'எ செக்யூரிட்டி' என்றால் பங்கோ கடன் பத்திரமோ. லயபிலிட்டி என்றால் பொறுப்பு, 'எ லயபிலிட்டி' பேலன்ஸ் ஷீட்டில் ஒரு வரி. இன்டரெஸ்ட் என்றால் வட்டி, 'ஆன் இன்டரெஸ்ட்' என்றால் சொத்திலோ நிறுவனத்திலோ உள்ள உரிமை. 'குட்' என்றால் நன்மை, எகனாமிக்ஸில் 'எ குட்' என்றால் பண்டம். கண்ணுக்குத் தெரியாததை எல்லாம் எல்லை கட்டி, எண்ணி, விலை போட்டு, பேரேட்டில் ஏற்றுவதுதானே நம்ம படிப்பே! அப்ஸ்ட்ராக்ட் நவுனுக்கு 'எ' வராது என்று ஒரு காமர்ஸ் வகுப்பில் வந்து சொல்வது, மளிகைக் கடையில் போய்த் தராசு வேண்டாம் என்பது போல.

நண்பனைச் சிரிக்க வைத்த அந்த 'ஆன் அட்வைஸ்' கூட முழுக்கத் தப்பில்லை என்பதுதான் எனக்குக் கிடைத்த பெரிய தமாஷ். பேங்க் ரிகன்சிலியேஷன் கணக்கு போடும்போது டெபிட் அட்வைஸ், கிரெடிட் அட்வைஸ் என்று வருமே. வங்கி நமக்கு அனுப்பும் அறிவிப்புச் சீட்டு. அந்த அர்த்தத்தில் அட்வைஸ் எண்ணக்கூடிய சொல். 'ஆன் அட்வைஸ்' சரி, 'அட்வைசஸ்' கூட சரி. காலை முதல் பீரியடில் அக்கவுன்ட்ஸ் சார் 'எ கிரெடிட் அட்வைஸ்' என்று போர்டில் எழுதுகிறார். மத்தியானம் அதே போர்டில் 'ஆன் அட்வைஸ்' எழுதினவனைப் பார்த்துச் சிரிக்கிறோம். புத்திமதி என்கிற அர்த்தத்தில் அவன் சொன்னது தப்புதான், மறுக்கவில்லை. ஆனால் அவன் அந்தச் சொல்லை அதிகம் பார்த்த இடம் எது என்று யாராவது யோசித்தோமா?

இன்ஃபர்மேஷனும் அப்படித்தான். 'ஆன் இன்ஃபர்மேஷன்' என்றால் தப்பு என்று எல்லோருக்கும் தெரியும். காவல் நிலையத்தில் எஃப்.ஐ.ஆர். பதிவதற்கு ஆதாரமான சட்டப் பிரிவைப் பாருங்கள். 1973-ம் வருடக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது பிரிவு 154. 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்திருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் பிரிவு 173. இரண்டும் ஆரம்பிப்பது 'எவ்ரி இன்ஃபர்மேஷன்' என்றுதான். எவ்ரி என்பது எண்ண முடிகிற சொல்லுக்குத்தான் வரும். சட்டத்தில் மட்டும் அந்தப் பழைய எண்ணும் வழக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, புகார் ஒவ்வொன்றும் தனித்தனி என்பதால்.

இதற்காக நான் 'ஆன் அட்வைஸ்', 'ஆன் இன்ஃபர்மேஷன்' எல்லாம் இனிமேல் சரி, எல்லோரும் இஷ்டப்படி எழுதுங்கள் என்று சொல்ல வரவில்லை. இங்கேதான் நம்ம 'ஒரு' நம்மைக் கவிழ்க்கும். ஒரு தகவல், ஒரு அறிவுரை, ஒரு செய்தி, ஒரு அனுமதி, ஒரு முன்னேற்றம் என்று தமிழில் தாராளமாகச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் இன்ஃபர்மேஷன், அட்வைஸ், நியூஸ், பர்மிஷன், ப்ராக்ரஸ் எதற்கும் 'எ' ஆகாது. முன்னால் 'குட்' போட்டு 'எ குட் ப்ராக்ரஸ்' என்றாலும் ஆகாது. ஏன் என்று கேட்டால் காரணம் கிடையாது, அந்த மொழியின் பழக்கம். அதேபோல 'ஒரு பத்து பேர் வந்தாங்க' என்கிறோமே, அந்த 'ஒரு'வுக்குச் சுமார் என்று அர்த்தம். ஆங்கில 'எ' அந்த வேலையைப் பொதுவாகச் செய்யாது.

ஆனால் இந்தத் தவறு நம்முடைய தனிச்சொத்து என்று நினைத்துக் கூனிக்குறுக வேண்டாம். செங்கம் ரோட்டில் ஆசிரமம் பக்கம் எங்கள் மாமாவுக்கு ஜெராக்ஸ் கடை. லீவு நாட்களில் நான் அங்கேதான். பாஸ்போர்ட் காப்பி எடுக்க வரும் வெள்ளைக்காரர்கள் எல்லோரும் ஆங்கிலேயர்கள் என்று சின்ன வயதில் நினைத்துக்கொண்டிருந்தேன். பாதிப் பேர் பிரான்ஸ், இத்தாலி, ஜெர்மனி, ரஷ்யா. பிரெஞ்சுக்காரர் ஒருத்தர் வந்து, "கேன் யூ கிவ் மீ ஆன் இன்ஃபர்மேஷன்?" என்று கேட்டபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம், கட்டிப்பிடிக்காத குறை! அவர்கள் மொழியிலும் தகவல் எண்ணக்கூடியது, அறிவுரையும் எண்ணக்கூடியது. நம்ம 'ஒரு' செய்கிற வேலையை அவர்களுடைய 'ஒரு' செய்துவிட்டது. ரஷ்யர்களோ ஆர்ட்டிகிள் இல்லாத மொழிக்காரர்கள், "வேர் இஸ் ஷாப்?" என்று மொட்டையாகக் கேட்பார்கள். யாரும் அவர்களைப் பார்த்துச் சிரிப்பதில்லை. மாமா மரியாதையாக "வாங்க, உட்காருங்க" என்பார், காப்பி எடுத்துக் கொடுப்பார். அதே கடையில் நான் 'ஆன் அட்வைஸ்' என்றால் மட்டும் படிக்காத பையன்.

அந்தக் கடையில்தான் இன்னொன்றும் நடந்தது. வயதான ஒரு அம்மா, இவர் நிஜமாகவே இங்கிலாந்து. பணம் கொடுத்துவிட்டு மலையைப் பார்த்தபடி, "தேர் இஸ் எ சைலன்ஸ் ஹியர்" என்றார். வெளியே ஆட்டோ ஹாரன், லாரி, இளநீர்க்காரர் சத்தம். சைலன்ஸாம்! ஆனால் என் மனசில் முதலில் ஓடியது அதுவல்ல. 'சைலன்ஸ் அப்ஸ்ட்ராக்ட், எ வராதே' என்று உள்ளுக்குள் சிவப்பு மையால் வட்டம் போட்டேன். சொந்த மொழியில் பேசுகிற அம்மாவுக்கு நான் திருத்தம் போடுகிறேன், பாருங்கள் என் கொழுப்பை. வீட்டுக்குப் போகும்போதுதான் உறைத்தது. அதிகாலையில் ஆசிரமத்து வேப்பமரம் பக்கம் போய் நின்றால் நான் என்ன சொல்வேன்? "இங்க ஒரு அமைதி இருக்குல்ல" என்பேன். அமைதி இருக்கிறது என்று சொல்ல மாட்டேன், ஒரு அமைதி. மற்ற இடத்து அமைதி இல்லை, இந்த இடத்துக்கென்று ஒன்று. அவர் சொன்னதும் அதைத்தான்.

உணர்ச்சி, மனசின் வேலை சம்பந்தப்பட்ட சொற்களில் இது நிறைய நடக்கும். மைக்கேல் ஸ்வான் எழுதிய 'பிராக்டிகல் இங்கிலீஷ் யூசேஜ்' என்ற புத்தகத்தில் (முதல் பதிப்பு 1980) இதைத் தெளிவாகவே சொல்கிறார்: எண்ணமுடியாத சொல்லாக இருந்தாலும், எந்த மாதிரி, எதைப் பற்றி என்று அர்த்தத்தை ஒடுக்கும்போது 'எ' வரலாம். 'நாலெட்ஜ் இஸ் பவர்' என்பதில் 'எ' இல்லை, ஆனால் 'எ குட் நாலெட்ஜ் ஆஃப் இன்கம் டாக்ஸ்' சரி. எஜுகேஷன் வேண்டும், ஆனால் பிள்ளைகளுக்குக் கொடுப்பது 'எ குட் எஜுகேஷன்'. வேலைக்கு விண்ணப்பம் போடுகிற நமக்கு இந்த இரண்டு வாக்கியமும் தினசரி தேவை, தெரியுமா? பயோடேட்டாவில் எத்தனை பேர் 'எ'யை விட்டுவிட்டு 'குட் நாலெட்ஜ்' என்று மொட்டையாக எழுதுகிறோம்!

இதையெல்லாம் எங்கள் பெரியம்மா பெண்ணிடம் சொன்னேன். அக்கா ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் எடுக்கிறாள். முழுசும் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் பேசற. நாப்பது பசங்க முன்னாடி நின்னு விளிம்பு, எல்லைன்னு நீ பாடம் நடத்து பாக்கலாம். அவங்களுக்கு ஒரு விதி வேணும்டா, விதி இல்லைன்னா பயந்துடுவாங்க" என்றாள். நியாயம்தான். விதியே வேண்டாம் என்று நானும் சொல்லவில்லையே. தப்பான விதி வேண்டாம் என்கிறேன். தப்பான விதி படித்த பையன் பயப்படாமலா இருந்தான்?

எனக்குத் தோன்றுவது இதுதான். 'தொட முடியுமா' என்ற கேள்வியைத் தூக்கிப் போடுங்கள். அதற்குப் பதில், அந்த வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பார், 'ஒரு' வந்தால் அர்த்தம் மாறுகிறதா என்று கேட்கச் சொல்லுங்கள். மாறினால் பெரும்பாலும் 'எ' வரும். கூடவே அட்வைஸ், இன்ஃபர்மேஷன், நியூஸ், பர்மிஷன், ப்ராக்ரஸ், லக், எவிடன்ஸ், பர்னிச்சர், லக்கேஜ், எக்விப்மென்ட், ஹோம்வொர்க் என்று ஒரு டஜன் சொல்லை வாய்ப்பாடு மாதிரி தனியாக மனப்பாடம் செய்ய வையுங்கள், இவை நம்ம 'ஒரு'வுக்குக் கட்டுப்படாத பிள்ளைகள் என்று சொல்லி. பதினேழாம் வாய்ப்பாடே படித்த நமக்கு ஒரு டஜன் சொல் பெரிய விஷயமா? அக்கா, "இந்த டஜன் லிஸ்ட் மட்டும் எழுதிக் குடு, பாக்கறேன்" என்று வாங்கிக்கொண்டாள். 'ஒரு' விஷயத்தில் அவளுக்கு இன்னும் பாதி சந்தேகம். ஆங்கில வகுப்பில் தமிழில் யோசிக்கச் சொன்னால் ஹெச்.எம். திட்டுவாராம். அந்தப் பயத்தை என்னால் தீர்க்க முடியவில்லை. ஆனால் தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வருகிறவன் எப்படியும் தமிழில்தான் யோசிக்கப் போகிறான். அதைத் திருட்டுத்தனமாகச் செய்ய வைப்பதைவிட, நேராகச் செய்யச் சொல்லிக் கொடுப்பது மேல் இல்லையா?

நண்பனுக்கு அடுத்த மாதம் சென்னையில் இன்னொரு நேர்முகத் தேர்வு. நேற்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் வண்டிக்குக் காத்திருக்கும்போது சொல்லிப் பார்த்தான். "ஐ ஹேவ் எ லிட்டில் எக்ஸ்பீரியன்ஸ் இன் டாலி."

"லிட்டில் எதுக்குடா? ரெண்டு வருஷம் கோடையில போட்டிருக்க. 'டூ சம்மர்ஸ்'னு சொல்லு."

சொன்னான். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஐ ஹேவ் எ குட் நாலெட்ஜ் ஆஃப் ஜி.எஸ்.டி.ன்னு சொல்லலாமா மச்சான்?" என்றான்.

"தாராளமா சொல்லலாம்."

"நாலெட்ஜைத் தொட முடியாதேடா?"

"கன்சிடரேஷனைத் தொட்டியா?"

"2(டி)..." என்று இழுத்தான். பிரிவை முழுசாக வாய்க்குள் சொல்லிப் பார்த்தான். 'எ' வரும் இடத்தில் நிறுத்தி, "அட, ஆமாம்டா" என்றான். அதற்குள் செங்கம் வண்டி வந்துவிட்டது. ஓடிப்போய் ஏறினான்.